எல்லோரும் எடுக்கும் படமும் உங்கள் படமும்

தஞ்சோங் பகாரில் ஒரு படம் இருக்கிறது. உங்களுக்கும் தெரிந்த படம்தான். முன்னால் வரிசையாகக் கடைவீடுகள், ஓட்டுக் கூரை, வண்ணச் சன்னல்கள். பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் பினக்கல் @ டக்ஸ்டன். பழைய சிங்கப்பூரும் புதிய சிங்கப்பூரும் ஒரே சட்டத்துக்குள். வார இறுதி மாலையில் டக்ஸ்டன் பக்கம் நடந்து பாருங்கள். கேமராவும் கைப்பேசியுமாக நான்கைந்து பேராவது அந்த ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.

நல்ல படம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. 1989ல் இந்த வட்டாரம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டதால் அந்தக் கடைவீடுகள் இன்றும் நிற்கின்றன. 2009ல் ஐம்பது மாடி உயரத்தில் ஏழு புளோக்குகள் எழும்பியதால் அந்தப் பின்னணி கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பத்துப் பேர் எடுத்த அந்தப் படத்தைப் பெயர்களை மறைத்துவிட்டு மேசையில் பரப்பினால், எது யாருடையது என்று எடுத்தவர்களாலேயே சொல்ல முடியுமா?

திருமணப் படங்கள் எடுத்துப் பிழைப்பவன் நான். இந்த வட்டாரத்துக் கடைவீடு ஒன்றின் மாடியில் சின்ன அறை, இரண்டு கணினி, ஒரு அலமாரி நிறைய லென்ஸ். என்னைத் தேடி வரும் இளையர்கள் அதிகம் கேட்கும் கேள்வி கேமராவைப் பற்றியதாக இருப்பதில்லை. “எனக்கென்று ஒரு பாணி வேண்டும், அதை எப்படிப் பிடிப்பது? பிடித்த பிறகு எப்படி விடாமல் இருப்பது?” என்பதுதான். இந்த வாரம் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

பாணி எங்கே இருக்கிறது?

பலர் பாணி என்று சொல்வது நிறத்தை. ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் விற்கும் ‘பிரீசெட்’ ஒன்றை வாங்கி எல்லாப் படத்துக்கும் போட்டால், பக்கம் முழுக்க ஒரே சாயலாகிவிடும். பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கும் வந்துவிடும். ஆனால் அதே பிரீசெட்டை வாங்கிய இன்னும் ஆயிரம் பேரின் பக்கமும் அப்படித்தான் இருக்கும். சட்டை ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றாகிவிட முடியாது.

என் அனுபவத்தில் பாணி என்பது மூன்று விஷயங்கள். எதைப் பார்த்தால் உங்கள் கால் தானாக நிற்கிறது? அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள்? சட்டத்துக்குள் எதை விடாமல் சேர்க்கிறீர்கள், எதை வெளியே தள்ளுகிறீர்கள்? நிறம், கறுப்பு வெள்ளை, லென்ஸ் எல்லாம் இதற்குப் பிறகு வருபவை.

என்னுடையது எனக்குத் தெரிய வந்ததே என் மனைவியால்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு, வாடிக்கையாளர் கேட்காமல் எனக்காக எடுத்த படங்களில் இருநூறைத் தேர்ந்து, தபால் அட்டை அளவில் அச்சடித்து வீட்டு வரவேற்பறைத் தரையில் பரப்பி வைத்திருந்தேன். காபியோடு வந்தவர் ஐந்து நிமிடம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “என்னங்க, உங்க படத்துல எல்லாரும் எதுக்கோ காத்துக்கிட்டே இருக்காங்களே?” என்றார்.

பார்த்தேன். உண்மைதான். முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் மணமகள். பேருந்து நிறுத்தத்தில் குடையோடு ஒரு பாட்டி. பலதுறை மருந்தகத்தில் எண் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தா. பந்தி தொடங்குவதற்கு முன் வெற்று வாழை இலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள். பல ஆண்டுகளாக நான் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

இதை யாரும் சொல்லிக் கொடுத்து வாங்க முடியாது. உங்களுடையது வேறாக இருக்கும். சிலருக்குக் கைகள், சிலருக்கு வாசல்கள், சிலருக்கு மனிதரே இல்லாத படிக்கட்டுகள். ஏற்கெனவே உங்கள் படங்களுக்குள் அது இருக்கிறது, தரையில் பரப்பிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு கடல், ஒரு தெரு

சிங்கப்பூரில் இதற்கு ஒரு நல்ல முன்னோடி யிப் சியோங் ஃபன். 1903ல் பிறந்தவர். யுனைடெட் எஞ்சினியர்ஸ் நிறுவனத்தில் ஃபோர்மேனாக வேலை பார்த்தவர். படம் எடுப்பது அவருக்குப் பிழைப்பாக இருக்கவில்லை. வேலை நேரம் போக மீதி நேரத்தில் கேமராவை எடுத்தவர், சுற்றிச் சுற்றி இரண்டு இடங்களுக்குத்தான் அதிகம் போனார். ஒன்று கடல், இன்னொன்று அவர் வாழ்ந்த சைனாடவுன் தெருக்கள். 1957ல் அவர் எடுத்த ‘விடியலில் படகோட்டம்’ என்ற படம் இன்றும் பேசப்படுகிறது. 1980ல் நியூயார்க் புகைப்படச் சங்கம் கடற்காட்சிகளுக்காக நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர் என்று அவரைக் கௌரவித்தது. 1984ல் நம் நாட்டின் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது.

நியூயார்க்கின் சால் லைட்டர் இன்னொருவர். ஓவியராக வேண்டும் என்று 1946ல் அந்த ஊருக்குப் போனவர். புகைப்படக் கலை என்றாலே கறுப்பு வெள்ளைதான் என்று பெரியவர்கள் நினைத்த காலத்தில், வண்ணச் சுருளில் தெருவை எடுத்தார். மழை ஒழுகும் கண்ணாடி, ஓரத்தில் ஒரு சிவப்புக் குடை, பாதி மறைந்த முகம். பல படங்கள் அவர் குடியிருந்த வீட்டைச் சுற்றியுள்ள சில தெருக்களில் எடுத்தவை. சோற்றுக்கு என்ன செய்தார்? ஆடை அலங்காரப் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக் கொடுத்தார். அந்த வண்ணப் படங்கள் ஒரு புத்தகமாகி உலகம் திரும்பிப் பார்த்தது 2006ல்தான். அவருக்கு வயது 82.

இந்த இரண்டு பேரையும் நான் சொல்வதற்குக் காரணம் அவர்களுக்குக் கிடைத்த விருதுகள் இல்லை. எண்பது வயது வரை காத்திருங்கள் என்று சொன்னால் யாருக்கும் உற்சாகம் வராது. என்னைக் கவர்வது வேறு. இரண்டு பேருமே பிழைப்பையும் விருப்பத்தையும் ஒரே பைக்குள் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை. மாதச் சம்பளம் ஒரு பக்கம், தங்கள் கண் இன்னொரு பக்கம். அதனால் கண்ணை விற்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு வரவில்லை. அலுவலக வேலையோடு படம் எடுக்கும் இளையர்களுக்கு இது ஒரு குறையாகத் தோன்றலாம். உண்மையில் அது பெரிய சுதந்திரம்.

“லைக் வரலண்ணா”

போன ஆண்டு ஒரு தம்பி வந்தான். ஷென்டன் வேயில் வங்கி வேலை. மதிய உணவு நேரத்தில் தஞ்சோங் பகார் சந்துகளில் சுற்றிப் படம் எடுப்பான். கடைவீடுகளின் பின்பக்கம்தான் அவனுக்குப் பிடித்தது. சுழல் படிக்கட்டு, குளிர்சாதனப் பெட்டிகளின் குழாய்கள், பாத்திரம் கழுவிவிட்டு ஐந்து நிமிடம் குந்தி உட்கார்ந்திருக்கும் சமையற்கட்டு ஊழியர்கள்.

“அண்ணா, இதுக்கு நாற்பது லைக் வந்தா பெரிசு. போன வாரம் பினக்கல் மேல் மாடியில இருந்து சூரியன் மறையறத எடுத்துப் போட்டேன், ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. பேசாம அதையே எடுக்கட்டுமா?”

“எடு தம்பி. யாரு வேணாம்னது? ஆனா ஒண்ணு சொல்லு. அந்த ஆயிரம் பேர்ல உன்கிட்ட யாராவது ஏதாவது கேட்டாங்களா?”

கொஞ்சம் யோசித்தான். “இல்லண்ணா. ஆனா சந்துப் படத்துக்கு ஒருத்தர் எழுதியிருந்தாரு. அவங்க அப்பா அந்தச் சந்துல இருந்த கடையில வேலை பார்த்தவராம். படம் ஒரு பிரதி கிடைக்குமான்னு கேட்டாரு.”

“கொடுத்தியா?”

“பிரிண்ட் போட்டே கொடுத்தேன்.”

நான் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சூரியன் மறைவதை எடுப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் படம் அவன் எடுக்காவிட்டாலும் இன்னொருவர் எடுத்திருப்பார். சந்துப் படம் அவன் எடுக்காவிட்டால் இல்லாமலே போயிருக்கும். எதற்குக் கூட்டம் கூடுகிறது என்பதும் எது ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்பதும் வேறு வேறு கணக்குகள். முதலாவதைத் திரையில் எண்ணிக் காட்டுகிறார்கள். இரண்டாவதை யாரும் எண்ணிக் காட்டுவதில்லை, அதனால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை.

கடைசி ரயில்

2011 ஜூன் 30ஆம் தேதி இரவு நினைவிருக்கிறதா? 1932ல் திறந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்ட இரவு. ஜோகூர் சுல்தானே ரயிலை ஓட்டிச் சென்றார். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ரயில் நகர்ந்தபோது தலைக்கு மேலே கைகளும் அந்தக் கைகளில் கேமராக்களும்தான் தெரிந்தன. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

அந்த இரவின் படங்கள் பல்லாயிரம் இருக்கும். ரயிலின் முகப்பு, கையசைக்கும் கூட்டம், நிலைய முகப்பில் நிற்கும் நான்கு பெரிய சிலைகள். வரலாற்றுக்கு அவை வேண்டும்தான். ஆனால் எனக்கு இன்று எடுத்துப் பார்க்கத் தோன்றுவது வேறு விதமான படங்கள். நிலையத்து உணவுக்கடையில் கடைசியாக ஒரு தேத்தண்ணீர் குடித்தவர்கள், நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய ஊழியர், ரயில் போன பிறகும் போக மனமில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முதியவர்கள். மலேசியாவில் சொந்தபந்தம் உள்ள எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நடைமேடை பள்ளி விடுமுறையின் வாசலாக இருந்தது! அது ரயிலின் முகப்பில் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தில்தான் தெரிந்தது.

இதே வட்டாரத்தில் ஆண்டுதோறும் இன்னொரு வாய்ப்பு வருகிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள், டேங்க் ரோடு கோயிலிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் கியோங் சைக் சாலையில் இருக்கும் லயன் சித்தி விநாயகர் ஆலயத்துக்கு வருகிறார். தம்பி அண்ணனைப் பார்க்க வரும் நாள். பகலெல்லாம் அங்கே தங்கிவிட்டு மாலையில் திரும்புகிறார். ரதத்தை எடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் ரதம் வருவதற்கு முன்னும், வந்து சேர்ந்த பிறகு மாலை வரை இருக்கும் அந்த நீண்ட நேரத்திலும், அந்தச் சாலை எப்படி இருக்கிறது என்று எடுத்தவர்கள் குறைவு. விடுதிகளும் காபிக் கடைகளுமாக மாறிவிட்ட ஒரு தெருவில் 1925லிருந்து விநாயகர் இருக்கிறார் என்பதே பல இளையர்களுக்குச் செய்தி. அடுத்த முறை போகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே போய்ப் பாருங்கள்.

வேண்டாம் என்று சொல்வதன் விலை

இப்போது கொஞ்சம் கஷ்டமான பகுதி. பாணியைக் காப்பாற்றுவது பேச்சுக்கு அழகாக இருக்கும். வாடகை கட்டும்போதுதான் அதன் விலை தெரியும்.

ஒரு தம்பதி வந்தார்கள். கைப்பேசியில் முப்பது படங்களைச் சேமித்து வைத்திருந்தார்கள். எல்லாம் இருட்டும் பழுப்புமாக, ஐரோப்பியக் காட்டுக்குள் நடந்த கல்யாணம் போல. அவர்களுடைய கல்யாணமோ சிராங்கூன் சாலைப் பக்கம், கோயில் மண்டபத்தில், காலை முகூர்த்தம். குங்குமம் சிவப்பாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் தெரிகிற இடம். அதை இருட்டாக்கிப் பழுப்பாக்க என்னாலும் முடியும், மென்பொருளில் பத்து நிமிட வேலை. ஆனால் படத்தைப் பார்க்கும்போது எனக்கே அது பொய்யாகத் தெரியும். “நீங்க கேக்கிறது தப்பே இல்ல. அதை மனசார செய்யிற ஒருத்தர் இருக்காரு, நம்பர் தர்றேன்” என்று நண்பர் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் நன்றாகவே எடுத்துக் கொடுத்தார். அந்த மாதம் என் வீட்டு வரவு செலவு கொஞ்சம் இறுகியது, அவ்வளவுதான். இதனால் எனக்குப் பின்னால் பெரிய வாய்ப்பு ஒன்றும் தேடி வந்துவிடவில்லை. ஆனால் அடுத்த கல்யாணத்துக்குக் கேமராவைத் தூக்கும்போது கை கனக்கவில்லை.

எல்லா வேலைக்கும் இப்படிச் சொல்ல முடியுமா? முடியாது. குடும்பம் இருக்கிறவர்கள் ஆண்டுக்கு எத்தனை முறை ‘வேண்டாம்’ சொல்லலாம் என்று கணக்குப் போட்டே வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு அந்தக் கணக்கு இரண்டு அல்லது மூன்று. அதற்கு மேல் என்றால் பேசிப் பார்ப்பேன். நீங்கள் கேட்பதில் எது உங்களுக்கு முக்கியம், எது எங்கோ பார்த்ததால் பிடித்தது என்று கேட்டால், பெரும்பாலும் நடுவில் ஒரு வழி கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாணி என்ற பெயரில் வேலையைத் தட்டிக் கழிப்பவர்களும் உண்டு. தாலி கட்டும் நேரத்தில் குவியம் தப்பினால் அது தவறு, அதற்குப் பாணி என்று பெயர் வைக்க முடியாது. மேடையில் இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தைச் சில இளம் கலைஞர்கள் பழைய பாணி என்று ஒதுக்குகிறார்கள். இருபது ஆண்டு கழித்து அந்த வீட்டில் தேடி எடுக்கப்படும் முதல் படம் அதுவாகத்தான் இருக்கும். எல்லோர் கண்ணும் திறந்திருக்க, பாட்டிக்கு நாற்காலி போட்டு, ஓரத்தில் நிற்கும் சின்ன மாமாவையும் விடாமல் எடுப்பது வாடிக்கையாளருக்கு நாம் பட்ட கடன். கடனை அடைத்த பிறகு கிடைக்கும் இடைவெளிகளில்தான் நம்முடைய படம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை எடுத்த படத்தைப் பார்த்து “முகமே தெரியலையே, இது என்ன படம்?” என்று கேட்காத வீடு இருக்காது. கேளுங்கள், தவறில்லை. ஆனால் பதிலுக்கும் காத்திருங்கள். தன் படத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கும்போதுதான் பல பிள்ளைகளுக்குத் தாங்கள் எதைப் பார்க்கிறோம் என்பதே புரிகிறது.

வீட்டிலிருந்து தொடங்கியவர்

மதுரைக்காரர் பழனி குமாரை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். மீன் விற்கும் தாயின் மகன். கடன் வாங்கித்தான் முதல் கேமராவை வாங்கினார். அந்தக் கேமராவோடு அவர் தூரத்து மலைகளைத் தேடிப் போகவில்லை. விடியுமுன் மீன் வாங்கக் கிளம்பும் தன் தாயை எடுத்தார். 2017ல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தார். மலக்குழியில் இறந்த தொழிலாளர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து படம் எடுத்தார். உழைப்பவர்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படக் கலை சொல்லிக் கொடுக்கிறார். 2022ல் ‘பாரி’ என்ற ஊரக இந்திய ஆவணக் காப்பகமும் புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்கும் இணைந்து வழங்கிய விருது அவருக்குக் கிடைத்தது.

அவருடைய படங்களைப் பார்க்கும்போது பாணியைப் பற்றிய கேள்வியே எழுவதில்லை. இவரால்தான் இதை எடுத்திருக்க முடியும் என்று தோன்றும். காரணம், எந்தப் படத்துக்கும் அவர் வெளியாளாகப் போய் நிற்கவில்லை. தான் எங்கிருந்து வந்தோம் என்பதை மறைக்காத ஒருவரின் படத்தை இன்னொருவர் நகலெடுப்பது கடினம்.

நமக்கும் அது பொருந்தும். சிங்கப்பூர் சிறிய ஊர், எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது என்று அலுத்துக்கொள்கிறோம். உங்கள் அம்மா காலையில் கோலம் போட இடமில்லாமல் வாசல் கதவில் ஒட்டி வைத்திருக்கும் அந்தக் கோலத் தாளை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள்? இரவு வேலை முடிந்து வரும் அப்பா காலணியைக் கழற்றும் அந்த இரண்டு நிமிடத்தை?

இந்த வாரம் செய்து பார்க்க

கைப்பேசியோ கேமராவோ எதுவாக இருந்தாலும் சரி, யாரும் கேட்காமல், எங்கும் போட வேண்டும் என்று நினைக்காமல், சும்மா எடுத்த படங்களில் ஐம்பதைத் தேர்ந்தெடுங்கள். அச்சடித்துத் தரையில் பரப்புங்கள். செலவு அதிகமில்லை. வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, “இதில் எது திரும்பத் திரும்ப வருகிறது?” என்று கேளுங்கள். புகைப்படம் பற்றி ஒன்றும் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

அவர் சொல்வதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். பிறகு ஒரு லென்ஸ், ஒரு வட்டாரம் என்று வைத்துக்கொண்டு மூன்று மாதம் அதை மட்டும் எடுங்கள். கைப்பேசி என்றால் பெரிதாக்கிப் பார்க்காமல், நடந்து போய் எடுங்கள். அந்த மூன்று மாதமும் பிறர் பக்கங்களைப் பார்ப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நல்ல படங்களைப் பார்க்க வேண்டும்தான். அதற்குப் புத்தகமும் கண்காட்சியும் இருக்கின்றன. தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க் கட்டடத்தில் 2022லிருந்து சிங்கப்பூர் கலை அரும்பொருளகம் இயங்குகிறது. ஒரு மாலை குடும்பத்தோடு போய் வரலாம்.

மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி ஐம்பது படத்தைத் தரையில் பரப்புங்கள். முதல் ஐம்பதுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லத் தேவையிருக்காது.